நார்மத் வீட்டு வெடக்கோழி

ரிசாலத் கிளம்பிப் போன பிறகு அந்த வீட்டில் மிஞ்சியது நார்மத்தும் ஒரு வெடக்கோழியும்தான். கோழி முற்றத்தில் இங்கும் அங்கும் நடக்கும். அவன் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கிடக்கும் பெரிய மரக்கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு மண்சுவர். சுவரில் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு. எங்கள் தோலாரிக் கிராமத்தில் அண்டை வீடுகளுக்கு நடுவே இப்படி ஒரு கதவு வைப்பது வழக்கம். சூடான ரொட்டி, புளித்த மாவு, நெருப்பு, வம்பு எல்லாம் அந்த வழியாகத்தான் போய்வரும். ரிசாலத் இருந்தவரைக்கும் அதற்குத் தாழ் போட்ட ஞாபகமே எனக்கு இல்லை.

அவள் ஏன் போனாள் என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அடித்தான் என்பார்கள், வேறொருத்தி என்பார்கள். ஒரு மண்ணும் கிடையாது. நடந்தது எனக்குத் தெரியும்.

பனி உருகி வாய்க்காலில் கலங்கல் தண்ணீர் வந்த சமயம். ரிசாலத் தன்னுடைய பழைய செவலைக் கோழியை அடைக்கு வைத்திருந்தாள். அவளுக்குக் கைராசி. எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும் முட்டை வைக்க அவளைத்தான் கூப்பிடுவோம். அவள் கையைக் கழுவி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, முட்டைகளை ஒவ்வொன்றாகக் கோழிக்கு அடியில் தள்ளுவாள். அப்போது யாரும் பேசக் கூடாது. எனக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாடு.

அன்றைக்கு அவள் அண்ணன் ஊரில் ஒரு தொட்டில் விசேஷத்துக்குப் போயிருந்தாள். நார்மத்தின் டிராக்டர் கொட்டகைச் சிநேகிதர்கள் நாலு பேர் பாட்டிலோடு வந்து சேர்ந்தார்கள். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. முதலில் சேவலை அறுத்தான். நாலு தடியன்களுக்கு ஒரு சேவல் எந்த மூலைக்கு? வீட்டுக் கோழிக் கொட்டகைக்குப் போய் அடையில் இருந்த கோழியைக் காலைப் பிடித்து இழுத்து வந்து அதையும் அறுத்தான். குடித்தவனுக்குக் கோழி எது, அடைக்கோழி எது!

சாயங்காலம் ரிசாலத் வந்தாள். எலும்பைப் பார்த்தாள். கொட்டகைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். வைக்கோல்மேல் முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன. பொரிப்பதற்கு இன்னும் ஒன்றிரண்டு நாள்தான் பாக்கி. அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள். கேட்டு, திரும்ப வைத்தாள். கத்தவில்லை, அழவில்லை. மறுநாள் காலை ஒரு துணிமூட்டையோடு என் வீட்டுப் பக்கமாக, அந்தச் சின்னக் கதவு வழியாகக் குனிந்து வந்தாள். அவன் முகத்தைத் தாண்டிப் போக அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஒண்ணுல மட்டும் சத்தம் கேட்டுச்சுக்கா" என்றாள். "கீச் கீச்சுன்னு. சட்டைக்குள்ள வச்சு ராத்திரி முழுக்க உக்காந்திருந்தேன். விடியறப்ப நின்னுபோச்சு."

ரொட்டி ரெண்டு சுற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள்.

புருஷனோடு சண்டை போட்டு அம்மா வீட்டுக்குப் போவது எங்கள் ஊரில் புதிது இல்லை. நானே போயிருக்கிறேன். பெரியவர்கள் நாலு பேர் போய்ப் பேசுவார்கள், தேநீர் குடிப்பார்கள், கூட்டிவருவார்கள். ஆனால் கல்யாணத்தின்போது அவள் கொண்டுவந்த மரப்பெட்டியும் அதன்மேல் அடுக்கிய மெத்தைகளும் இருக்கின்றனவே, அவை வீட்டைவிட்டு வெளியேறிவிட்டால் கதை முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் பேச வரமாட்டார்கள். ரிஷ்டான் சந்தையில் ஒருநாள் அவளைப் பார்த்தேன். "செர்ரி பழுத்ததும் அண்ணன் வண்டி கொண்டுவராரு. பெட்டிய எடுத்துக்கறேன். அவர்கிட்ட சொல்லிடுங்கக்கா" என்றாள். எனக்கு அந்த வேலை பிடிக்கவே இல்லை. ஆனாலும் சொன்னேன்.

நார்மத் கேட்டுக்கொண்டான். மரக்கட்டிலின் விளிம்பை விரலால் சுரண்டிக்கொண்டே இருந்தான். பெரிய உடம்பு, டிராக்டர் ஓட்டி ஓட்டி அகன்ற தோள். அது அன்றைக்கு ஒடுங்கிக் கிடந்தது.

"நான் விட்டுட்டேன்கா" என்றான்.

"எத?"

"அதத்தான். அவ போன அன்னிலேர்ந்து தொடல."

"போன வருஷமும் விட்டே. அதுக்கு முந்தின வருஷம் மசூதி வாசல்ல சத்தியம் பண்ணியே விட்டே."

அவனை நம்ப எனக்கு மனசு வரவில்லை. ஊரில் யாருக்கும் வரவில்லை. பழைய சிநேகிதர்கள் முதலில் கதவைத் தட்டினார்கள், அவன் திறக்கவில்லை, பிறகு அவர்களும் வரவில்லை. நல்லவர்கள் அவனைக் குடிகாரன் என்று ஒதுக்கினார்கள், குடிகாரர்கள் அவனைப் பெரிய மனுஷன் ஆகிவிட்டான் என்று ஒதுக்கினார்கள். கட்டிக்கொடுத்த அவன் மகள்கள் ரெண்டு பேரும் தொலைபேசியில் அம்மாவோடு மட்டும்தான் பேசினார்கள். நாள் முழுக்க அந்த முற்றத்தில் மனுஷக் குரலே கேட்காது. சில சமயம் அவன் கோழியோடு பேசுவது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்பான். கோழி என்ன சொல்லும்? பாவமாக இருக்கும். உடனே கோபமும் வரும். நீ செய்ததற்கு அனுபவி என்று தோன்றும்.

ஒருநாள் காலை நான் தந்தூரில் ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். சின்னக் கதவில் அவன் தலை தெரிந்தது.

"அக்கா, கோழிய அடைக்கு உக்கார வைக்கிறது எப்படி?"

ரொட்டி கையிலிருந்து நழுவப் பார்த்தது. "என்னது?"

"அந்த வெடக்கோழிதான். செவலையோட பொண்ணு. முட்டை போடுது, எழுந்து கத்திக்கிட்டு ஓடிடுது. உக்கார மாட்டேங்குது. செர்ரி பழுக்கறதுக்குள்ள அது அடை உக்காந்துட்டா..."

"உக்காந்துட்டா?"

"அவ வரப்ப முற்றத்துல ஒரு கோழி குஞ்சுங்களோட நடந்தா, அவளால அதத் தாண்டிப் போய்ப் பெட்டியத் தூக்க முடியாதுக்கா. அவள எனக்குத் தெரியும்."

குடிகாரனுக்கு இப்படி ஒரு யோசனை வந்ததே என்று ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் அது உண்மை. அவளால் முடியாதுதான்.

"கோழிக்கு மனசு வரணும்பா" என்றேன். "உத்தரவு போட்டு உக்கார வைக்க அது உன் டிராக்டர் இல்ல. ஆசை காட்டலாம், அவ்வளவுதான். இருட்டா ஒரு மூலை பாரு. நாய், பூனை, மனுசன் யாரும் போகாத இடம். கூடையில வைக்கோல் போடு. போடுற முட்டைய எடுக்காத, குவியட்டும். கண்ணுல முட்டை நிறையப் பட்டாத்தான் அதுக்கு உக்காரணும்னு தோணும். அப்பப்போ ஊறவச்ச கோதுமை குடு. நெஞ்சுல இறகு உதிருதா, கொக்கரிப்பு மாறி 'கொர்க் கொர்க்'னு வருதான்னு பாத்துக்கிட்டே இரு. வந்துட்டா சொல்லு, எங்க வீட்டு முட்டையத் தரேன். உன் வீட்டுலதான் சேவலத் தின்னு ஏப்பம் விட்டுட்டீங்களே. சேவல் மிதிக்காத முட்டை, கூமுட்டை."

தலையை ஆட்டிக்கொண்டு போனான். அன்றிலிருந்து அந்த மனுஷன் பட்ட பாடு இருக்கிறதே!

கொட்டகை ஜன்னலுக்குச் சாக்குத் தைத்தான். கூடைக்கு வைக்கோல் போட்டு, தன் முழங்கையால் அழுத்திக் குழி பண்ணினான். முட்டை குவிய நாளாகுமே என்று சுண்ணக்கல் மாவைக் குழைத்து அவனே முட்டை பிடித்தான். பார்க்கவேண்டுமே அந்த முட்டைகளை! ஒன்று எலுமிச்சை அளவு, ஒன்று என் கைமுட்டி அளவு, ஒன்றில் அவன் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

"இத ஒட்டகம் போட்டுச்சா?" என்று கேட்டேன்.

"சிரிக்காதீங்கக்கா. கோழிக்குக் கண்ணு தெரியாது."

"கோழிக்கு எல்லாம் தெரியும். உனக்குத்தான் தெரியாது."

கோழி வந்தது, கூடைக்குள் கழுத்தை நீட்டிப் பார்த்தது, ஒட்டக முட்டையை ஒரு கொத்துக் கொத்திவிட்டு வெளியேறியது. பிறகு அவன் அதைப் பிடித்துக் கூடையில் உட்காரவைத்துப் பஞ்சாரத்தால் கவிழ்த்து மூடினான். மூடி, பக்கத்திலேயே அவனும் குந்தி உட்கார்ந்தான். சத்தம் கூடாது என்று நான் சொன்னதற்காக இருமலைக்கூட அடக்கிக்கொண்டான். உள்ளே கோழி நின்றபடியே இருந்தது. பஞ்சாரத்தைத் திறந்ததும் விட்டது பார் ஓட்டம், திராட்சைப் பந்தல் மேலே போய் நின்றது. அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும். கொஞ்ச நாளில் கூடையில் முட்டை போடுவதையும் நிறுத்திக்கொண்டது.

"பயந்து போச்சு" என்றான் நார்மத். "என்னப் பாத்துப் பயப்படுது. அதோட அம்மாவ நான் அறுத்தப்ப இது முற்றத்துலதான் நின்னுச்சு."

"கோழிக்கு அவ்வளவு ஞாபகம் ஏது?" என்று சொல்லி வைத்தேன். அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அன்றைக்கு மதியம் ஒரு கிண்ணம் ஆட்டுக்கறிச் சூப் கொடுத்தனுப்பினேன். கிண்ணம் கழுவப்பட்டு, அதில் ஒரு பிடி கனிந்த முசுக்கட்டைப் பழத்தோடு திரும்பி வந்தது. ரிசாலத்தும் கிண்ணத்தை வெறுமனே திருப்ப மாட்டாள்.

செர்ரி மரங்களில் காய் வெளுத்து, ஒரு பக்கம் சிவக்கத் தொடங்கியது. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அவன் தினமும் காலையில் மரத்தடியில் போய் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்பான். பழுக்காதே என்று வேண்டினானோ என்னவோ.

அந்தச் சமயத்தில்தான் தேநீர்க்கடையில் பெர்தி அவனுக்கு யோசனை சொன்னான். பெர்தி லாரி ஓட்டி. ரஷ்யாக்காரர்களின் கிராமங்கள் பக்கமெல்லாம் போய்வந்தவன். வாயைத் திறந்தால் பாதி பொய். அங்கே வான்கோழி அடைக்கு உட்காராவிட்டால் ரொட்டியை வோட்காவில் ஊறவைத்துக் கொடுப்பார்களாம். அது போதையில் முட்டைமேல் சாய்ந்துவிடுமாம். தெளிந்து பார்த்தால் அடியில் முட்டை கதகதவென்று இருக்குமாம். 'அடடா, நாமதான் உக்காந்தோம்போல' என்று அப்படியே அடை காத்துவிடுமாம்.

சொன்னவன் வான்கோழி என்று சொன்னான். கேட்டவன் கோழி என்று கேட்டுக்கொண்டான். வேறென்ன செய்வான், செர்ரி சிவந்துகொண்டிருக்கிறதே.

நார்மத் நேராகச் சாபிர் கடைக்குப் போய், பட்டப்பகலில், நாலு பேர் நிற்கும்போது, ஒரு பாட்டில் வோட்கா வாங்கினான். ஒளித்துக்கூட எடுத்துவரவில்லை. கையில் பிடித்தபடி தெரு முழுக்க நடந்து வந்தான். நான் பருத்திமார்க் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வந்தேன். பாட்டிலைப் பார்த்ததும் எனக்கு உச்சிமுதல் உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டு வந்தது.

"அட பாவி! நாளைக்கு நாளன்னைக்கு அவ வரப்போறா!"

"எனக்கில்லக்கா."

"பின்ன யாருக்கு?"

"கோழிக்கு."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் கழுதைகூடத் திரும்பிப் பார்த்தது. அவனுக்கு அது விளங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டோமே, இன்னும் ஏன் சிரிக்கிறார்கள் என்பதுபோல நின்றான். சாயங்காலத்துக்குள் அந்தச் சிரிப்பு ரிசாலத்தின் அண்ணன் ஊர்வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பருத்திமாரைப் போட்டுவிட்டுக் கதவு வழியாகப் போனேன். அவன் கொட்டகையில் குந்தியிருந்தான். ஒரு கிண்ணத்தில் ரொட்டித் துண்டுகள் வோட்காவில் ஊறின. கோழியை மடியில் வைத்து, அலகைப் பிளந்து, ஒவ்வொரு துண்டாக ஊட்டிக்கொண்டிருந்தான். முந்தின நாள் அவன் கெஞ்சிக் கேட்டதால் நான் கொடுத்திருந்த நல்ல முட்டைகள் கூடையில் தயாராக இருந்தன.

"போதும்டா! கோழி சைஸ் என்ன, நீ ஊட்டுறது என்ன!"

"பெர்தி அரை ரொட்டின்னான்."

கோழியைக் கூடையில் விட்டான். அது முதலில் நன்றாகத்தான் உட்கார்ந்தது. கண்ணைப் பாதி மூடி, இறக்கையை விரித்துக்கொண்டது. நார்மத் என்னைத் திரும்பிப் பார்த்தான். அத்தனை சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பல வருஷமாகப் பார்த்ததில்லை. அடுத்த நிமிஷம் கோழி எழுந்தது. கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். கூடைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி விழுந்து எழுந்தது. முட்டைகள் சடசடவென்று நொறுங்கின. மஞ்சள் கருவில் புரண்டு, கழுத்தை வைக்கோலில் போட்டு, ஒரு காலை மேலே தூக்கிக்கொண்டு படுத்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"செத்துருச்சா?" என்றான் மெதுவாக.

"மூச்சு இருக்கு. மூடி வை. தண்ணி வை. இனிமேல் அந்தப் பெர்தி வாய்ல மண்ணள்ளிப் போடு."

மறுநாள் காலை பஞ்சாரம் ஒரு பக்கம் புரண்டு கிடந்தது. கோழி இல்லை. வாய்க்கால் ஓரம், பருத்திக்காட்டு வரப்பு, என் வீட்டு மாட்டுத்தொழுவம் எல்லாம் தேடினோம். ரெண்டு இறகு மட்டும் சுவரோரம் கிடந்தது. நரி பிடித்திருக்கும், இல்லை தெருநாய். போதையில் இருந்த பறவை எங்கே ஓடும்?

நார்மத் அந்த இறகுகளைக் கையில் வைத்துக்கொண்டு என் தந்தூர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "தாயையும் கொன்னேன், பொண்ணையும் கொன்னேன்" என்றான். "ஒருதரம் குடிச்சிட்டு, ஒருதரம் குடிக்காம." 

அப்போதுதான் முதல்முதலாக நான் அவனை நம்பினேன். குடித்தவன் அப்படிப் பேசமாட்டான். ஆனால் நான் நம்பி என்ன பிரயோஜனம்?

செர்ரி பழுத்துவிட்டது. அவன் முற்றத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தான். மரக்கட்டிலில் விரிப்புப் போட்டு, என்னிடம் வாங்கிய ரொட்டியைப் பிட்டு வைத்து, ஒரு தட்டு நிறைய செர்ரி வைத்து, பச்சைத் தேநீர் போட்டான். வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிடாமல் வாசல்வரைக்கும் கொண்டுவந்தான் ரிசாலத்தின் அண்ணன் கோசிம். குதிரை வண்டி. பின்னால் வெறும் பலகை. அந்தப் பலகைமேல் ரிசாலத் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள்.

"வாங்க மச்சான். ஒரு தேநீர் குடிச்சிட்டு..." என்றான் நார்மத்.

"தேநீரா, வேற ஏதாச்சுமா?" கோசிமுக்கு நாக்கு எப்போதும் கூர். அவன் கட்டிலில் உட்காரவில்லை. முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, கையில் பாட்டிலோடு வெளியே வந்தான். "இது யாரோடது?"

"கோழிக்கு வாங்கினது மச்சான்."

"கோழி குடிச்சுதா?"

"ஆமா."

"சரி. அந்தக் கோழியக் கூப்பிடு, கேப்போம்."

நார்மத் தலையைக் குனிந்தான். "காணோம்."

கோசிம் என்னைப் பார்த்தான். நான் சும்மா இருப்பேனா? "அவன் சொல்றது நிஜம்பா. நான் என் கண்ணால பாத்தேன். பாட்டில்ல பாரு, எவ்வளவு குறைஞ்சிருக்கு? ஒரு டம்ளர்கூட இல்ல."

"குடிச்சிட்டுத் தண்ணி ஊத்தி வைக்கத் தெரியாதாக்கா இவருக்கு? என் தங்கச்சிக்கிட்ட கேளுங்க, எத்தன பாட்டில்ல எத்தன தண்ணின்னு."

அது நடந்திருக்கிறது.

ரிசாலத் வண்டியிலிருந்து இறங்கி நேராக அவன் முன்னால் வந்து நின்றாள். "வாயத் திறங்க" என்றாள். அவன் குழந்தை மாதிரி வாயைத் திறந்தான். அவள் எம்பி மூக்கை வைத்து முகர்ந்தாள். ஆயிரம் சாயங்காலங்களில் செய்த காரியம் அது, அவளுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. எனக்குத்தான் தலையைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது. முகர்ந்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

உள்ளறையை அவள் போனதிலிருந்து அவன் திறக்கவே இல்லை. அவள் பெட்டியைப் பார்க்கப் பயம். கதவு வீங்கிப் பிடித்திருந்தது, கோசிம் தோளால் இடித்துத் திறந்தான். தூசு வாடை, பழைய பஞ்சு வாடை. ஜன்னலின் ஒரு கண்ணாடி உடைந்திருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சுவர் மாடத்தில் பெட்டி, அதன்மேல் கூரையைத் தொடும் மெத்தை அடுக்கு. கோசிம் அடுக்குக்குப் பின்னால் கையை விட்டு மெத்தைகளை இழுத்தான்.

"ஆ... ஐயோ!" கையை உதறிக்கொண்டு பின்னால் தாவினான். விரலில் ரத்தம்.

அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே, பெட்டியின் மூடிமேல், ஒரு மெத்தை மடிப்பைக் கிழித்துப் பஞ்சைப் பிய்த்து, இறகெல்லாம் சிலிர்த்து ரெண்டு மடங்கு பெரிதாகி உட்கார்ந்திருந்தது வெடக்கோழி. "கொர்ர்ர்... கொர்க்" என்று ஒரு சத்தம் போட்டது பாருங்கள், அசல் அடைக்கோழிச் சத்தம். அடியில் வெள்ளை வெளேரென்று முட்டைகள். முட்டை போடுவதையே நிறுத்திவிட்டது என்று நாங்கள் நினைத்தோமே, அத்தனையையும் இங்கே வந்து போட்டிருக்கிறது. உடைந்த கண்ணாடி வழியாகப் போய், உதிர்ந்த முசுக்கட்டையைத் தின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறது. யாரும் போகாத இருட்டு மூலை வேண்டும் என்று நான் சொன்னேனே, அந்த வீட்டில் அதைவிட யாரும் போகாத மூலை ஏது?

நார்மத் வாசல்படியிலேயே நின்றுவிட்டான். "இருக்கு" என்றான். "அக்கா, உசுரோட இருக்கு." கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவன் துடைக்கக்கூட இல்லை.

கோசிம் விரலைச் சப்பிக்கொண்டே சிரித்தான். "நல்லா இருக்கு போ. சேவலத் தின்னாச்சு, இப்ப இது கூமுட்டைங்களக் காக்குது. இந்த வீட்டுக்கு ஏத்த கோழிதான். தூக்கி வெளிய போட்டுட்டுப் பெட்டியப் பிடி, நேரமாச்சு." கோழியின் இறக்கையைப் பிடிக்கக் கை நீட்டினான்.

"விடுண்ணே."

"என்ன விடு?"

"அடையில இருக்கறத இழுக்காத."

"கூமுட்டைமேல இருக்குடி!"

"அதுக்கு அது தெரியாது" என்றாள் ரிசாலத்.

அண்ணன், தங்கை ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோசிம்தான் முதலில் கண்ணை எடுத்தான். அவளிடம் தோற்றுப் பழக்கப்பட்டவன் போல. தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போய் மரக்கட்டிலில் உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரை ஊற்றிக் குடித்தான்.

ரிசாலத் என் கையைப் பிடித்தாள். "உங்க வீட்டுல இன்னிக்கு முட்டை இருக்காக்கா?"

சின்னக் கதவு வழியாக வந்தோம். தவிட்டுப் பானையிலிருந்து நான் முட்டைகளை எடுத்துக் கொடுக்க, அவள் ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பார்த்துத் தலைத்துணி முந்தியில் போட்டுக்கொண்டாள். என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"வந்துடேன்டி. நிஜமாவே குடிக்கல அவன்."

"தெரியும். மோந்து பாத்தேன்ல."

"அப்புறம் என்ன?"

அவள் ஒரு முட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "குடிக்காம இருக்கறப்ப அவர் நல்லவருதான்கா. அது எனக்குத் தெரியாதா? அந்த ஒத்த முட்டையச் சட்டைக்குள்ள வச்சிக்கிட்டு நான் உக்காந்திருந்தப்ப அவர் கொறட்டை விட்டுத் தூங்கினாரு. அந்தக் கொறட்டையும் அந்தக் கீச்சும் சேந்தே கேக்குதுக்கா எனக்கு. இன்னும் நிக்கல. என்ன பண்ணச் சொல்றீங்க?"

அவள் வாய்க்காலில் கையைக் கழுவினாள்.

உள்ளறையில் அவள் முழங்காலிட்டு, கோழியின் நெஞ்சுக்கு அடியில் கையை விட்டாள். கோசிமைக் கொத்திய அதே கோழி அவளை ஒன்றும் செய்யவில்லை. கூமுட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள், ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு நல்ல முட்டையைத் தள்ளினாள். உதடு முணுமுணுத்தது. நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. நார்மத் படியிலேயே நின்றான், உள்ளே கால் வைக்கத் துணிவில்லை. கடைசி முட்டையை வைத்ததும் கோழி உடம்பை ஒருதரம் ஆட்டி, எல்லாவற்றையும் அணைத்து உட்கார்ந்தது.

ரிசாலத் எழுந்து அவனைத் தாண்டி வெளியே போனாள். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவன் பக்கம் திரும்பினாள்.

"தண்ணி கிட்டயே வைங்க. கோதுமை போதும், ரொட்டி வேணாம். நீங்க கூட்டுக்குள்ள கைய விடாதீங்க. பொரிக்க மூணு வாரம் ஆகும். அப்புறம் வந்து பெட்டிய எடுத்துக்கறேன்."

"சரி" என்றான் நார்மத்.

வெறும் பலகை தடதடக்க வண்டி போயிற்று. பாப்லார் மரங்களைத் தாண்டித் திரும்பும்வரைக்கும் அவன் வாசலில் நின்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதன் பிறகு அவன் தேநீர்க்கடைக்கும் போவதில்லை. உள்ளறைப் படியில் உட்கார்ந்திருப்பான். அவனும் பேசமாட்டான், கோழியும் பேசாது. அது இரை தின்ன இறங்கும்போது முட்டை ஆறிவிடப் போகிறதே என்று தன் பஞ்சுச் சட்டையைக் கழற்றிக் கூட்டின்மேல் பிடித்துக்கொண்டு நிற்பானாம், அவனே சொன்னான். கை படக் கூடாதே, அதனால் சட்டை. கோழி திரும்பி வந்து அவனை ஒரு பார்வை பார்த்தால் விலகிக்கொள்வான்.

நேற்று நான் தந்தூரை மூட்டிக்கொண்டிருந்தேன். கதவில் தலை நீட்டினான். முகம் மழித்திருந்தான்.

"அக்கா, சில முட்டைங்க பிந்திப் பொரிக்கிறது உண்டா?"

"உண்டுப்பா. ஒரு நாள், ரெண்டு நாள் பிந்தும். ஏன்?"

அவன் கதவுச் சட்டத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

"இல்ல... அவ வந்து நிக்கறப்ப இன்னும் பொரிக்கலைன்னா, பொரிக்கிறவரைக்கும் இருந்து பாத்துட்டுத்தானே போவா?"